கொலஸ்ட்ரால் வந்தப்புறமும் பங்க்: டிசென்டன்ட்ஸோட ஹைப்பர்காஃபியம் ஸ்பாஸினேட்

பங்க் பேண்டுங்களுக்கு வயசாகுறது ரொம்ப தர்மசங்கடமான விஷயம். இருபது வயசுல அப்பாவையும் போலீஸையும் திட்டி மூணே மூணு கிட்டார் கார்டுல பாட்டு போட்டாச்சு, ஐம்பது வயசுல அதே கோவத்துக்கு எங்க போறது? நிறைய பேர் ரெண்டு வழில ஒண்ணைப் பிடிச்சுக்குவாங்க. ஒண்ணு, இன்னும் பத்தொம்பது வயசுன்னு நடிச்சு பழைய ஆல்பத்தையே வேற கவர் போட்டு விடுறது. இல்லன்னா திடீர்னு பக்குவம் வந்துட்ட மாதிரி ஒரு அகௌஸ்டிக் கிட்டாரைத் தூக்கிட்டு உக்காந்து மெதுவா புலம்ப ஆரம்பிக்கிறது. ரெண்டுமே எனக்கு ஆகாது, முதல் வகையாவது பரவால்ல, ரெண்டாவது வகை வந்தா நான் ரெண்டாவது பாட்டுலயே எந்திரிச்சுடுவேன்.

டிசென்டன்ட்ஸ் 2016 ஜூலை 29 அன்னிக்கு எபிடாஃப் லேபிள்ல விட்ட ஹைப்பர்காஃபியம் ஸ்பாஸினேட் இந்த ரெண்டுலயும் சேராது. மொத்தம் 16 பாட்டு, எல்லாம் சேத்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல தான் வரும், வேகம் அப்படியே பழைய வேகம். பாடுற விஷயத்தைப் பாத்தீங்கன்னா டாக்டர் எழுதிக் கொடுத்த டயட், புள்ளைக்குக் கொடுக்குற மாத்திரை, அன்பு வத்திப்போன வீடு, சாவுக்குப் பக்கத்துல போய் திரும்பி வந்த ஃப்ரெண்டு. வயசாச்சுன்னு ஒத்துக்கிட்டு, அதுக்காக வேகத்தைக் குறைக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற ஆல்பம். இந்த பேண்டோட ஆல்பங்கள்லயே எது பெஸ்ட்டுன்னு கேட்டா நான் 1982ஆ 1996ஆன்னு இழுப்பேன், ஆனா எதை அடிக்கடி போட்டுக் கேக்குறேன்னு கேட்டா இதைத்தான் சொல்லணும்.

இவங்களைத் தெரியாதவங்களுக்காக கொஞ்சம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்குற பீச் ஊருங்கள்ல, மன்ஹாட்டன் பீச் ஹெர்மோசா பீச் பக்கம், எழுபதுகளோட கடைசில ஸ்கூல் பசங்க ஆரம்பிச்ச கூட்டம். டிரம்ஸ்ல பில் ஸ்டீவன்சன், பாட்டுக்கு மைலோ ஆக்கர்மேன், அப்போ கிட்டார் ஃபிராங்க் நவெட்டா, பேஸ் டோனி லொம்பார்டோ. அந்த ஏரியாவுல மத்த பேண்டெல்லாம் அரசாங்கம், போலீஸ், கலவரம்னு பாடிட்டு இருந்தப்போ இவங்க சாப்பாடு, காபி, மீன் பிடிக்கிறது, திரும்பிக்கூட பாக்காத பொண்ணுங்கன்னு பாடுனாங்க. கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவம் உள்ள, கிளாஸ்ல முதல் பெஞ்சு பையன் பங்க் பாடகனா நிக்கலாம்னு காட்டுனது இவங்க தான், பின்னாடி பிளிங்க்-182 மாதிரி பேண்டுங்க அரங்கத்தை நிறைச்சு சம்பாதிச்சதுக்கு வழி போட்டதும் இவங்க தான், காசு மட்டும் இவங்க பக்கம் அவ்வளவா வரல.

முதல் ஆல்பத்தோட பேரே மைலோ கோஸ் டு காலேஜ், 1982. சும்மா வச்ச பேர் இல்ல, பாடகர் நிஜமாவே படிக்கப் போயிட்டாரு. பேண்டு சூடு பிடிக்கிற நேரத்துல படிப்பு முக்கியம்னு கிளம்புன ஒரே பங்க் பாடகரை நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அறிமுகப்படுத்தி வச்சா தலைல தூக்கி வச்சுக்குவாங்க. போனவர் சும்மா ஒரு டிகிரியோட வரல, உயிரியல்ல பிஎச்டி முடிச்சு, விஸ்கான்சின்ல போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு மேல ஆராய்ச்சி, பண்ணி, அப்புறம் டெலவேர்ல டூபான்ட் கம்பெனில செடி ஆராய்ச்சியாளரா வருஷக்கணக்கா இருந்தாரு. 2003ல பிளான்ட் செல் ஜர்னல்ல அவர் பேரை முதல் பேரா போட்டு வந்த பேப்பர், செடி எப்போ பூக்கணும்னு ஒரு குட்டி ஆர்என்ஏ எப்படி முடிவு பண்ணுதுன்னு சொல்றது, அந்தத் துறைல இருக்கறவங்க இன்னிக்கும் மேற்கோள் காட்டுற பேப்பர் அது. கலிஃபோர்னியா பங்க்ல இது ஒரு தனி வியாதி போல, பேட் ரிலிஜன் பேண்டு பாடகர் கிரெக் கிராஃபின் கார்னெல்ல பிஎச்டி, ஆஃப்ஸ்பிரிங் பேண்டு பாடகர் டெக்ஸ்டர் ஹாலண்ட் 2017ல மூலக்கூறு உயிரியல்ல பிஎச்டி. ஆனா கிராஃபின் படிச்சது அவர் பாட்டுல தெரியும், டிக்ஷ்னரியை எடுத்து வச்சுட்டுத் தான் கேக்கணும். மைலோ படிச்சது பாட்டுல எங்கயும் தெரியாது. இந்த ஆல்பத்தோட பேர்ல மட்டும் கொஞ்சம் தெரியுது, காபியை பத்து மடங்கு ஏத்துன ஏதோ கெமிக்கல் மாதிரி ஒரு பேரை உருவாக்கி வச்சிருக்காங்க. காபி இந்த பேண்டுக்கு ஆரம்பத்துல இருந்தே குலதெய்வம்.

இதுக்கு முன்னாடி வந்த ஆல்பம் கூல் டு பீ யூ, 2004ல. நடுவுல 12 வருஷம். அந்த 12 வருஷத்துல நடந்தது தெரிஞ்சா தான் இந்த ஆல்பம் முழுசா புரியும். 2007ல பேஸ் வாசிக்கிற கார்ல் ஆல்வரெஸுக்கு ஹார்ட் அட்டாக். 2008ல பழைய கிட்டாரிஸ்ட் நவெட்டா இறந்துட்டாரு. அதுக்கப்புறம் பில் ஸ்டீவன்சனுக்கு நுரையீரல்ல ரத்தக்கட்டு, அது போதாதுன்னு தலைக்குள்ள பெரிய கட்டி, அதை 2010ல ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ஃபில்மேஜ்னு 2013ல இவங்களைப் பத்தி வந்த டாக்குமெண்டரில அந்தப் பகுதியைப் பாக்குறது கொஞ்சம் கஷ்டம் தான். உடம்பு பெருத்து, சிரிப்பே போய், ஏன் இப்படி ஆகுறோம்னு தனக்கே புரியாம இருந்த மனுஷன், ஆபரேஷன் முடிஞ்சு எந்திரிச்சு பழைய பில்லா மாறி வந்தாரு. அதே 2010 நவம்பர்ல ஆஸ்டின்ல ஒரு ஃபெஸ்டிவல்ல மைலோ, பில், கார்ல், கிட்டாரிஸ்ட் ஸ்டீபன் எகர்டன்னு நாலு பேரும் மேடை ஏறுனாங்க. அங்க இருந்து இந்த ஆல்பத்துக்கு இன்னும் ஆறு வருஷம் எடுத்தது, ஏன்னா மைலோ இன்னும் லேப்ல வேலைல இருந்தாரு. 2016ல அந்த வேலை முடிஞ்சு தான் முழு நேரமா பேண்டுக்கு வந்தாரு, அப்போ அவருக்கு வயசு 53.

ரெக்கார்டிங் பண்ணுன விதம் இன்னொரு சுவாரஸ்யம். நாலு பேர் மூணு ஊர்ல. டிரம்ஸும் பேஸும் கொலராடோ ஃபோர்ட் காலின்ஸ்ல, பில் நடத்துற பிளாஸ்டிங் ரூம் ஸ்டுடியோவுல. கிட்டார் ஸ்டீபன் எகர்டன் ஓக்லஹோமா டல்சால தன்னோட ஸ்டுடியோவுலயே வாசிச்சது. மைலோ டெலவேர்ல இருந்து பாடுனது. கேட்டா நம்பவே முடியாது, ஒரே ரூம்ல வேர்வை நாத்தத்தோட முட்டிக்கிட்டு நின்னு வாசிச்ச மாதிரி தான் இருக்கு. எகர்டனும் ஆல்வரெஸும் எண்பதுகளோட நடுவுல சால்ட் லேக் சிட்டில இருந்து வந்து பில்லோட சேந்தவங்க. மைலோ லேப்ல இருந்த வருஷங்கள்ல இந்த மூணு பேரும் ஆல்னு வேற பேர்ல, வேற வேற பாடகரை வச்சுக்கிட்டு வேன்லயே வாழ்ந்து ஊர் ஊரா வாசிச்சிருக்காங்க. முப்பது வருஷமா இப்படி வாசிச்சவங்களுக்கு அடுத்தவன் எந்த இடத்துல மூச்சு விடுவான்னு தெரியும், ஒரே ரூம்ல இருக்கணும்னு அவசியமே இல்ல.

இப்போ பாட்டுக்கு வருவோம். இந்த ஆல்பத்துல யாருக்காவது ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டணும்னா நான் நோ ஃபேட் பர்கர் தான் போடுவேன். ஒரு நிமிஷம்கூட ஓடாது. விஷயம் இவ்வளவு தான்: இனிமே எண்ணெய் வடியுற பர்கர் கிடையாது, வறுத்த உருளைக்கிழங்கு கிடையாது, டாக்டர் லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்துப் பாத்துட்டு நீ உயிரோட இருக்குறதே பெரிய விஷயம்னு சொல்லிட்டாரு. இதை ஹார்ட்கோர், அதான் பங்க்லயே முரட்டு வகை, அந்த வேகத்துல, தெருவுல எவனையோ அடிக்கப் போற மாதிரி கத்திப் பாடுறாங்க. முதல் தடவை கேட்டப்போ வாய்விட்டு சிரிச்சேன். நாப்பதைத் தாண்டுன எவனுக்கும் இது ஜோக் மட்டும் இல்லன்னு தெரியும், அந்த ரிப்போர்ட்டைக் கையில வாங்கி, ஸ்டார் போட்ட நம்பரை எல்லாம் ஒவ்வொண்ணா பாக்குறப்போ வர்ற எரிச்சல் இருக்கே, அது அசல் பங்க் எரிச்சல், அரசாங்கத்து மேல வர்றதை விட பெரிய எரிச்சல்.

பழைய ஆளுங்களுக்கு இதுல இன்னொரு லேயர் இருக்கு. 1981ல இவங்க விட்ட ஃபேட் ஈபில, ஈபின்னா ஆல்பத்தை விட சின்ன ரெக்கார்டு, ஐ லைக் ஃபுட்னு ஒரு பாட்டு, வீனர்ஷ்னிட்ஸல்னு ஒரு பாட்டு. ரெண்டாவது வெறும் 11 செகண்டு, ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை ஜன்னல்ல நின்னு ஆர்டர் சொல்றது தான் மொத்தப் பாட்டும். தின்னுறதையே கொள்கையா வச்சுப் பாடுன பசங்க, 35 வருஷம் கழிச்சு அதுக்கான விலையைக் கட்டிட்டு நிக்கிறாங்க. அதே ஈபில அப்பாவைத் திட்டி ஒரு பாட்டும் உண்டு. இந்த ஆல்பத்துல அவங்களே அப்பா.

இவங்க கேட்டலாக்கை வரிசையா வச்சுப் பாத்தா இந்த வயசு விஷயம் ஆரம்பத்துல இருந்தே ஓடிட்டு இருக்கு. 1985 ஆல்பத்தோட பேரே வளர மாட்டேன்னு சொல்ற பேர், ஐ டோன்ட் வான்ட் டு க்ரோ அப். 1996ல எவ்ரிதிங் சக்ஸ் ஆல்பத்துல வென் ஐ கெட் ஓல்டுன்னு ஒரு பாட்டு, எனக்கு வயசானா எப்படி இருப்பேன், இப்ப பண்ற கூத்தெல்லாம் அப்பவும் பண்ணுவேனான்னு கேள்வியா கேட்டுட்டே போகும். அந்தப் பாட்டைப் பாடுனப்போ மைலோவுக்கு முப்பத்து மூணு, வயசைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. 2016 ஆல்பம் அந்தக் கேள்விக்கு நேரடி பதில். ஆமா பண்ணுவேன், மூட்டு வலிக்கும், டாக்டர் திட்டுவாரு, இருந்தாலும் பண்ணுவேன். மத்த பேண்டுங்க ஐம்பது வயசுல திடீர்னு வயசைப் பத்திப் பாடுனா ஒட்ட மாட்டேங்குது, இவங்களுக்கு ஒட்டுதுன்னா அதுக்குக் காரணம் இவங்க சின்ன வயசுலயே இதைப் பத்திக் கவலைப்பட்டவங்க.

லிமிட்டர் தான் என்னைப் பொறுத்தவரைக்கும் ஆல்பத்தோட உச்சம். துறுதுறுன்னு இருக்குற குழந்தைக்கு டாக்டர் சொன்னாருன்னு மாத்திரை கொடுக்குறாரு ஒரு அப்பா, கொடுத்தா அடங்குறான், ஸ்கூல்ல புகார் வராது, ஆனா அடங்குனது அவனோட சேட்டை மட்டும் தானா, இல்ல அவனுக்குள்ள இருந்த வெளிச்சமும் சேந்து அடங்கிடுச்சான்னு பயப்படுறாரு. மாத்திரையே தப்புன்னு பிரசங்கம் பண்ணல, இதைக் கவனிக்கணும். பாடுறவர் ஒரு விஞ்ஞானி, மருந்து வேலை செய்யுதுன்னு அவருக்குத் தெரியும், அதனால தான் அந்தப் பயம் இன்னும் கனமா இருக்கு. இதையே ஒரு ஸ்லோ பியானோ பாட்டா போட்டிருந்தா கண்ணீர் வரவழைக்கிற வேலை ஆயிருக்கும். இவங்க போட்டிருக்குறது படபடன்னு ஓடுற கிட்டார் ரிஃப், மைலோ மூச்சு வாங்குறதுக்கு இடமே இல்லாம வார்த்தையை அடுக்கிட்டே போறாரு, கோரஸ்ல மட்டும் குரல் மேல ஏறி ஒரு இடத்துல கொஞ்சம் உடையுற மாதிரி இருக்கும். அந்த இடத்தை ஹெட்ஃபோன்ல கேளுங்க. அப்பனா இருக்குறவனுக்கு அது போதும்.

விதவுட் லவ் இதுக்கு நேர் எதிர், ஆல்பத்துலயே வேகம் குறைஞ்ச பாட்டுகள்ல ஒண்ணு, அன்பு இல்லாம ஒரே வீட்டுல இருக்குறதைப் பத்தி. பில் ஸ்டீவன்சனோட கை இதுல தெரியுது. டிரம்ஸ் வாசிக்கிறவர் தான் இந்த பேண்டோட பெரிய காதல் பாட்டு எழுத்தாளர், ரொம்ப பேருக்கு இது தெரியாது. பிளாக் ஃபிளாக்னு இன்னொரு பங்க் பேண்டுல மை வார் ஆல்பம் காலத்துல உக்காந்து அந்த இருட்டு மியூசிக்கை எல்லாம் வாசிச்ச அதே கை தான், இங்க வந்தா உடைஞ்ச மனசைப் பத்தி எளிமையா நாலு வரி எழுதிட்டுப் போயிடும். கிட்டார் பின்னாடி மணி அடிக்கிற மாதிரி ஒரு சின்ன லைன் போயிட்டே இருக்கும், எகர்டன் அதை முன்னாடி தள்ளாம மிக்ஸுக்கு உள்ளயே வச்சிருக்காரு, மூணாவது நாலாவது தடவை கேக்கும்போது தான் காதுல விழும்.

விக்டிம் ஆஃப் மீ, ஷேம்லெஸ் ஹேலோ, ஸ்மைல், இந்த மூணும் ரேடியோவுல போடலாம் போல மெலடி உள்ளது. முதல்ல சொன்னதுல என்னைக் கெடுத்தது வேற யாரும் இல்ல, நானே தான்னு ஒத்துக்குற விஷயம் வருது, பங்க்ல இது அபூர்வம், எப்பவும் பழி சமுதாயத்து மேல தானே. ஸ்மைல் மனசு உடைஞ்சு கிடக்குற ஒருத்தரைத் தோளைத் தட்டி எழுப்புற பாட்டு, கேக்க ரொம்ப லேசா இருக்கும். ஆன் பேப்பர் நல்ல நகைச்சுவை, பயோடேட்டாவுல எல்லாம் சரியா இருக்குற ஆளோட கதை, பிஎச்டி வாங்குனவர் பாடுறப்போ இன்னும் நல்லா இருக்கு. டெஸ்டோஸ்டிரோன் ஒரு தடவை சிரிக்கலாம், அவ்வளவு தான்.

கடைசி மூணு பாட்டு ஒரு செட்டா வருது, ஃபுல் சர்க்கிள், கம்பேக் கிட், பியாண்ட் த மியூசிக். முதல் பாட்டுல தங்களுக்கு பங்க் அறிமுகமான நாளைத் திரும்பிப் பாக்குறாங்க, அடுத்தது நோயில இருந்து பொழச்சு வந்த நண்பனைப் பத்தி, பில்லோட அந்த ஆபரேஷன் கதை தெரிஞ்சவங்களுக்கு யாருன்னு சொல்லவே வேணாம். கூத்து என்னன்னா, அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசிக்கிறதே அந்த ஆளு தான். தன்னைப் பத்தி ஃப்ரெண்டு பாடுறான், இவரு பின்னாடி உக்காந்து முன்ன விட பலமா அடிக்கிறாரு, அந்த சிம்பல் சத்தத்துலயே நான் செத்துப் போகலடான்னு ஒரு திமிரு. அனுதாபம் தேடுற குரல் எங்கயும் கிடையாது. பியாண்ட் த மியூசிக் எங்க நாலு பேரும் ஒரு குடும்பம்னு நேரா சொல்ற பாட்டு. வேற எந்த பேண்டு இப்படிப் பாடியிருந்தாலும் நான் தலைல அடிச்சிருப்பேன், அவ்வளவு வெளிப்படையான வரி. இவங்க பாடுறப்போ ஒத்துக்கத்தான் வேண்டியிருக்கு, முப்பது வருஷமா யாரையும் கழட்டி விடாம, பாடகர் லேப்ல இருந்து எப்ப வந்தாலும் வரட்டும்னு காத்துட்டு இருந்தவங்களாச்சே.

வாசிப்பைப் பத்தி தனியா சொல்லணும். பங்க்ல பேஸ் கிட்டார்னா பொதுவா கிட்டார் வாசிக்கிற நோட்டையே கீழ இருந்து இழுத்துட்டு வர்றது தான். கார்ல் ஆல்வரெஸ் அப்படி இல்ல, அவரோட பேஸ் தனியா ஒரு ட்யூன் பாடிட்டே போகும், பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு. ஷேம்லெஸ் ஹேலோவுல மைலோ ஒரு பக்கம் போக பேஸ் வேற பக்கம் போய் கோரஸ்ல ரெண்டும் சேரும். இதைக் கேக்கணும்னா ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, பேஸே வராது, பாதி ஆல்பம் போச்சு. பில்லோட டிரம்மிங்ல வேகத்தை விட எனக்குப் பிடிச்சது அந்த இடைவெளிங்க தான், ரெண்டு வரிக்கு நடுவுல டாம் டிரம்ல ஒரு உருட்டு உருட்டி சரியா அடுத்த வரியோட முதல் எழுத்துல வந்து உக்காருவாரு, தலைல அவ்வளவு பெரிய ஆபரேஷன் ஆன மனுஷன்னு நினைச்சா மலைப்பா இருக்கு.

மைலோ குரல் 1982 குரல் கிடையாது. அப்போ கீச்சுன்னு, இப்பத்தான் மீசை முளைச்ச பையன் கத்துற மாதிரி இருந்தது, இப்போ கொஞ்சம் கரகரப்பு வந்து அடிப்பாகம் கனமாயிடுச்சு. ட்யூன் பிடிக்கிறதுல அன்னிக்கு விட இன்னிக்கு நல்லா பிடிக்கிறாரு, கத்துற இடத்துல மட்டும் எச்சரிக்கையா கத்துற மாதிரி தோணும். அந்தப் பழைய ஆல்பத்துல ஒரு பாட்டுல வர்ற வசவு வார்த்தையெல்லாம் இன்னிக்குக் கேட்டா முகம் சுளிக்கும், அவங்களே பின்னாடி மேடைல மாத்திப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. இந்த ஆல்பத்துல அந்த மாதிரி கசப்பு இல்லாம கேக்கலாம், அடுத்தவனை மட்டம் தட்டுறதை விட்டுட்டு தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கிறது அதிகம்.

குறை இல்லாம இல்ல. முதல் குறை சவுண்டு. பிளாஸ்டிங் ரூம்ல இருந்து வர்ற எல்லா ஆல்பத்துக்கும் ஒரே முகம், அங்க ரெக்கார்டிங் பண்ணுன ரைஸ் அகெய்ன்ஸ்ட் பேண்டைக் கேட்டவங்களுக்குத் தெரியும், ஸ்னேர் டிரம் சத்தம் டிக் டிக்குன்னு அளந்து வச்ச மாதிரி, கிட்டார் சுவர் மாதிரி, எங்கயும் ஒரு பிசிறு கிடையாது. நல்ல வேலைன்னு ஒத்துக்குறேன், ஆனா இந்த பேண்டோட அழகே அந்த பிசிறு தானே, 1982 ரெக்கார்டுல டிரம்ஸ் ஏதோ பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி கேக்கும், அதுல இருந்த உயிர் இங்க கொஞ்சம் இஸ்திரி போட்டு மடிச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு. சத்தமும் ரொம்ப ஏத்தி மாஸ்டர் பண்ணியிருக்காங்க, முழு ஆல்பத்தையும் ஹெட்ஃபோன்ல ஒரே மூச்சுல கேட்டா கடைசில காது கொஞ்சம் களைச்சுப் போகுது.

ரெண்டாவது, 16 பாட்டு வேண்டியதில்ல. வீ காட் டிஃபீட்ல இருந்து ஸ்பைன்லெஸ் அண்ட் ஸ்கார்லெட் ரெட் வரைக்கும் உள்ள ஏரியால லிமிட்டரையும் ஸ்மைலையும் எடுத்துட்டா மிச்சம் என்ன வந்தது என்ன போச்சுன்னே ஞாபகம் இருக்காது, ஃபைட்டிங் மைசெல்ஃப் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சதுன்னு இன்னமும் எனக்குக் குழப்பம் தான். ஹியூமன் பீயிங் மனுஷ ஜாதியையே திட்டுற குட்டிப் பாட்டு, திட்டுல புதுசா ஒண்ணும் இல்ல, இந்த ஆல்பத்தோட மத்த பாட்டுல இருக்குற அந்தத் துல்லியம் இதுல இல்ல. நாலு பேரும் பாட்டு எழுதுறவங்க, 12 வருஷம் சேத்து வச்சது எல்லாம் கையில இருந்திருக்கும், யாரோடதையும் விட மனசு வரலன்னு நினைக்கிறேன். இது போதாதுன்னு அதே 2016ல ஸ்பாஸ்ஹசார்டுன்னு மிச்சப் பாட்டை வச்சு ஒரு ஈபி வேற. ஈபி பரவால்ல, கிடைச்சா கேளுங்க, தேடி அலைய வேணாம்.

இதுக்கப்புறம் 2021ல நைன்த் அண்ட் வால்நட்னு ஒரு ஆல்பம் வந்தது. அது ரொம்பப் பழைய பாட்டுங்க, நவெட்டாவும் லொம்பார்டோவும் 2002ல வாசிச்சு வச்சிருந்த டேப்புக்கு மைலோ 2020ல பாடி முடிச்சது. ஆரம்பகால ரசிகர்களுக்கு அது பொக்கிஷம், இறந்து போன நவெட்டாவோட கிட்டாரைப் புதுசா கேக்குறதுல ஒரு கனம் இருக்கு, அதை மறுக்கல. ஆனா ஐம்பது வயசு தாண்டுன குரல் பதினெட்டு வயசுப் பாட்டைப் பாடுறது எனக்கு முழுசா செட் ஆகல. ஹைப்பர்காஃபியம்ல அந்தப் பிரச்சனை இல்ல, குரலுக்கும் வார்த்தைக்கும் ஒரே வயசு.

யாரு வாங்கலாம்னா, பங்க்னாலே வெறும் கத்தல்னு நினைக்கிறவங்க விக்டிம் ஆஃப் மீ, ஸ்மைல், விதவுட் லவ், இந்த வரிசைல மூணை மட்டும் கேட்டுப் பாருங்க, பிடிச்சா முதல்ல இருந்து போங்க. ஹார்ட்கோர் மட்டும் தான் கேப்பேன்னு இருக்கறவங்களுக்கு இது ரொம்ப இனிப்பா தெரியலாம், அவங்க ஃபேட் ஈபியோட நிறுத்திக்கிறது நல்லது. புதுசா இந்த பேண்டுக்குள்ள வர்றவங்க இதுல இருந்து ஆரம்பிக்கலாமான்னு கேட்டா, எவ்ரிதிங் சக்ஸை முதல்ல கேட்டுட்டு நேரா இதுக்கு வாங்க, வென் ஐ கெட் ஓல்டு காதுல இருக்கும்போதே லிமிட்டர் கேக்கணும், அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள 20 வருஷம் தானா புரியும்.

ஸ்ட்ரீமிங்ல எல்லாத்துலயும் இருக்கு, சும்மா கேக்குறதுக்கு அது போதும். எல்பி, அதாவது வினைல் ரெக்கார்டு, வாங்கணும்னா நம்ம ஊருக்கு இம்போர்ட் தான், ஷிப்பிங்கும் டியூட்டியும் சேந்தா ரெக்கார்டு விலையைத் தாண்டிடும். ஆனாலும் சத்தம் ஸ்ட்ரீமிங் அளவுக்குக் காதைக் குத்தல, அந்த பேஸ் லைனுங்க இன்னும் நல்லா தனியா நிக்குது, அது ஒண்ணுக்காக நான் செலவு பண்ணேன். நாலஞ்சு நிமிஷத்துக்கு மேல போற பாட்டே இல்லாத ஆல்பம், சைடை மாத்தறதுக்கு எந்திரிச்சுட்டே இருக்கணும், அந்த வயசுக்காரங்களுக்கு நடக்குறது நல்லது தான்னு டாக்டரும் சொல்றாரு.